தன் நாடு தோற்க வேண்டும் என்று எழுதிய மாணவர்கள்

ஹிட்லர் காலத்தில் ஜெர்மன் மாணவர்கள் எல்லாருமே கை உயர்த்தி வணக்கம் வைத்துக்கொண்டுதான் இருந்தார்களா? ‘வெள்ளை ரோஜா’ என்று ஒரு குழு இருந்ததாகச் சொல்கிறார்களே, துண்டுப் பிரசுரம் போட்டதைத் தவிர அவர்கள் என்ன செய்தார்கள்? அதனால் போர் ஒரு நாளாவது சீக்கிரம் முடிந்ததா? இவைதான் உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில்: இல்லை. ஆனால் அதோடு விட்டுவிட முடியாது. இந்தக் குழுவைப் பற்றிப் பரவியிருக்கும் சித்திரம் கொஞ்சம் பிசகானது. அழகான இளைஞர்கள், கவிதை, ரோஜா, மாடியிலிருந்து பறக்கும் காகிதங்கள், தூக்குமேடை. அதிலும் தூக்குமேடை என்பது தவறு, அது தலையை வெட்டும் கில்லட்டின் இயந்திரம். உண்மைக் கதையில் தபால்தலைக்கும் உறைக்கும் அலைந்த அலைச்சல்தான் அதிகம். கவிதைக்கு ஒதுக்கிய நேரம் குறைவு.

முதலில், அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள் மட்டுமல்ல, படைவீரர்களும்கூட. மியூனிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த ஹான்ஸ் ஷோல், அலெக்ஸாண்டர் ஷ்மோரெல், வில்லி கிராஃப் மூவரும் ராணுவத்தின் மாணவர் பிரிவில் இருந்தவர்கள். படிப்புப் பருவத்தில் வகுப்புக்குப் போவார்கள், விடுமுறை வந்தால் போர்முனை மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார்கள். போர் எப்படி நடக்கிறது என்பதை வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இல்லை. காயம்பட்டவனுக்குக் கட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டவர்கள். கிறிஸ்டோஃப் புரோப்ஸ்டும் மருத்துவ மாணவர்தான். விமானப்படைப் பிரிவில் இருந்தார், 1942 கடைசியில் இன்ஸ்ப்ரூக்குக்கு மாற்றப்பட்டார். ஹான்ஸின் தங்கை ஸோஃபி 1942 மே மாதம்தான் மியூனிக் வந்து உயிரியலும் தத்துவமும் படிக்கச் சேர்ந்தார். பேராசிரியர் குர்ட் ஹூபர் இவர்களோடு சேர்ந்தபோது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது.

இவர்களைப் பிறவியிலேயே எதிர்ப்பாளர்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உல்ம் நகரத்து ஷோல் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவின் பேச்சை மீறி ஹிட்லர் இளைஞர் படையில் விரும்பிச் சேர்ந்தவர்கள். ஹான்ஸ் 1935-இல் நியூரம்பர்க் கட்சி மாநாட்டுக்குக் கொடி ஏந்திப் போனவர். ஸோஃபி பெண்கள் பிரிவில் பொறுப்பில் இருந்தவர். அப்பா ராபர்ட் ஷோல் பழைய தாராளவாதி, நாஜிகளை ஆரம்பத்திலிருந்தே வெறுத்தவர். பிள்ளைகள் மனம் மாற வருடங்கள் ஆயின. தடை செய்யப்பட்ட இளைஞர் குழு ஒன்றில் இருந்ததற்காகவும், ஓரினச்சேர்க்கைச் சட்டத்தின் கீழும் ஹான்ஸ் 1937-இல் கைது செய்யப்பட்டார். பொதுமன்னிப்பில் தப்பினார். 1942-இல் அப்பாவும் உள்ளே போனார். அலுவலகத்தில் ஹிட்லரைக் கடவுள் அனுப்பிய சவுக்கு என்று சொன்னதை ஒரு ஊழியர் போய்ச் சொல்லிவிட்டார். நான்கு மாதச் சிறை.

ஷ்மோரெல் ரஷ்யாவின் ஓரென்பர்க்கில் பிறந்தவர். அம்மா ரஷ்யர், குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார். அப்பா ஜெர்மன் மருத்துவர். ரஷ்யத் தாதியின் கையில் வளர்ந்ததால் ரஷ்ய மொழி சரளம். ராணுவத்தில் சேரும்போதே ஹிட்லர் பெயரில் உறுதிமொழி எடுக்க மனமில்லை, விடுவித்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தவர். வில்லி கிராஃப் தீவிரக் கத்தோலிக்கர். பள்ளிப் பருவத்தில், ஹிட்லர் இளைஞர் படையில் சேர்ந்த நண்பர்களின் பெயரை முகவரிப் புத்தகத்திலிருந்து அடித்துவிட்ட பையன் அவர். மாணவர்கள் ஐவரில் ஹிட்லர் இளைஞர் படையின் வாசலையே மிதிக்காதவர் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

1942 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை, ஏறக்குறைய இரண்டே வாரத்தில் நான்கு துண்டுப் பிரசுரங்கள் வந்தன. எழுதியது ஹான்ஸும் ஷ்மோரெலும். ஒவ்வொன்றிலும் நூறு பிரதி அளவுக்குத்தான் எடுத்தார்கள். தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்துப் பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், மருத்துவர்கள், புத்தகக் கடைக்காரர்கள், மதுக்கடைக்காரர்கள் என்று பொறுக்கியெடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். ‘வெள்ளை ரோஜாவின் துண்டுப் பிரசுரங்கள்’ என்ற தலைப்பு இந்த நான்கில் மட்டும்தான் உண்டு. வாங்கியவர்களில் 35 பேர் பிரசுரத்தைக் கொண்டுபோய் கெஸ்டபோவிடம், அதாவது ரகசியப் போலீஸிடம், கொடுத்துவிட்டார்கள். மூன்றில் ஒருவர்! படித்தவர்களுக்கு எடுத்துச் சொன்னால் எழுந்து நிற்பார்கள் என்ற நம்பிக்கைக்குக் கிடைத்த பதில் அது.

இந்த நான்கும் படிக்கக் கொஞ்சம் கனமானவை. கெதே, ஷில்லர், அரிஸ்டாட்டில், லாவோ சே என்று மேற்கோள்கள் பக்கம் பக்கமாக வரும். இதைச் சிலர் கேலி செய்வதுண்டு. ஆனால் இரண்டாவது பிரசுரத்தில் ஒரு பத்தி இருக்கிறது. போலந்தைப் பிடித்ததிலிருந்து அந்த நாட்டில் மூன்று லட்சம் யூதர்கள் மிருகத்தனமாகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள், மனித வரலாற்றில் இதற்கு இணையான குற்றம் கிடையாது என்று நேரடியாக எழுதுகிறார்கள். உண்மையான எண்ணிக்கை அப்போதே அதைவிட மிகப் பெரியது. அது வேறு விஷயம். 1942 கோடையில், மியூனிக்கில் படித்துக்கொண்டிருந்த இருபதைத் தாண்டிய இரண்டு மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்ததை எழுதித் தபாலில் போட்டிருக்கிறார்கள். போருக்குப் பிறகு ஒரு தலைமுறையே “எங்களுக்கு எதுவும் தெரியாதே” என்றது. அந்தச் சாக்கை நான் நம்பாததற்கு முதல் காரணம் இந்தப் பத்திதான். மூன்றாவது பிரசுரம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆயுதத் தொழிற்சாலைகளிலும் கட்சிக் கூட்டங்களிலும் நன்கொடை வசூலிலும் முட்டுக்கட்டை போடுங்கள் என்கிறது. அகிம்சைப் பிள்ளைகள் என்று இவர்களை வருணிப்பவர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 23 அன்று ஹான்ஸ், ஷ்மோரெல், கிராஃப் மூவரையும் ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள். வழியில் வார்சாவில் ரயில் நின்றது. யூதர்களுக்கென்று சுவர் எழுப்பிய கெட்டோ பகுதியில் அடைக்கப்பட்டிருந்த மக்களின் நிலையைக் கண்ணால் பார்த்தார்கள். அப்புறம் வியாஸ்மா, க்ஷாட்ஸ்க் பக்கம் மூன்று மாதம். ஷ்மோரெலுக்கு அது அம்மா பிறந்த மண். உள்ளூர் விவசாயிகள் வீட்டில் போய் உட்கார்ந்து ரஷ்ய மொழியில் பேசுவார், மற்றவர்களையும் கூட்டிப்போவார். எதிரி என்று சொல்லித்தரப்பட்டவர்கள் வீட்டில் பாட்டுக் கேட்டுவிட்டு நவம்பரில் மியூனிக் திரும்பியவர்களுக்கு மேற்கோள் போட்டு எழுதும் ஆசை குறைந்துபோயிருந்தது.

இனிமேல் நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் வளமான பகுதி. இதைப் பற்றித்தான் குறைவாகவும் பேசுகிறார்கள்.

ஐந்தாவது பிரசுரம் 1943 ஜனவரியில் வந்தது. தலைப்பே மாறிவிட்டது: ‘ஜெர்மனியின் எதிர்ப்பு இயக்கத்தின் துண்டுப் பிரசுரம் – எல்லா ஜெர்மானியருக்கும் அறைகூவல்’. மேற்கோள் இல்லை, சுற்றி வளைப்பு இல்லை. ஹிட்லரால் இந்தப் போரை வெல்ல முடியாது, இழுத்தடிக்க மட்டும்தான் முடியும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. நூறு பிரதி என்ற கணக்கு ஆயிரங்களுக்கு ஏறியது. ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரை என்பது பொதுவான மதிப்பீடு. கையால் சுற்றும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில்தான் அத்தனையும். நம்மூரில் எண்பதுகள் வரை பள்ளித் தேர்வுத்தாளும் சங்க நோட்டீஸும் அடித்தோமே, அதே வகை. ஸ்டென்சிலைத் தட்டச்சு செய்ய வேண்டும், மை தடவ வேண்டும், ஒவ்வொரு தாளாகச் சுற்றி எடுக்க வேண்டும், உலர்த்த வேண்டும், மடிக்க வேண்டும். அப்புறம் உறையில் போட்டு முகவரி எழுத வேண்டும். முகவரிகள் வெளியூர்த் தொலைபேசிப் புத்தகங்களிலிருந்து எடுத்தவை. இரவு முழுக்க வேலை, காலையில் வகுப்பு.

போர்க்காலத்தில் காகிதம் தாராளமாகக் கிடைக்காது. ஒரே ஆள் ஒரே கடையில் நூற்றுக்கணக்கில் உறையோ தபால்தலையோ கேட்டால் சந்தேகம் வரும். ஆகவே கடை கடையாக, தபால் நிலையம் தபால் நிலையமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். இந்த வேலையில் ஸோஃபியின் பங்கு பெரிது, குழுவின் பணக் கணக்கும் அவர் கையில்தான். ஸோஃபி எந்தப் பிரசுரத்தையும் எழுதவில்லை என்று சிலர் அவரைக் குறைத்துச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். எழுதுவது ஒரு மாலை வேலை. ஆயிரக்கணக்கில் உறை சேர்ப்பது ஒரு மாத வேலை. பணம் எங்கிருந்து? சொந்தக் கைக்காசு, அப்புறம் ஷோல் அப்பாவின் நண்பர், ஸ்டுட்கார்ட் கணக்காளர் ஓய்கன் க்ரிமிங்கர் கொடுத்த 500 மார்க். க்ரிமிங்கரின் மனைவி யூதர்.

எல்லாக் கடிதத்தையும் மியூனிக்கிலேயே தபாலில் போட்டால் எங்கிருந்து வருகிறது என்பது முத்திரையில் தெரிந்துவிடும். ஷ்மோரெல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சால்ஸ்பர்க், லின்ஸ், வியன்னா என்று ரயிலில் போய் அங்கங்கே தபாலில் சேர்த்தார். ஸோஃபி ஆக்ஸ்பர்க், உல்ம் பக்கம் போனார். உல்மில் பள்ளி மாணவர்கள் இரண்டு பேர், ஹான்ஸ் ஹிர்ஸலும் ஃப்ரான்ஸ் முல்லரும், மார்ட்டின் லூத்தர் தேவாலயத்தில் ஆர்கன் இசைக்கருவிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து இரண்டாயிரம் உறை அளவுக்குத் தயார் செய்தார்கள். ரயிலில் சோதனை எப்போது வேண்டுமானாலும் வரும், அதனால் கைப்பெட்டியை ஒரு ரயில் பெட்டியில் வைத்துவிட்டு ஆள் இன்னொரு ரயில் பெட்டியில் உட்காருவது வழக்கம். இதையெல்லாம் பார்த்த கெஸ்டபோ, பல நகரங்களில் கிளை பரப்பிய பெரிய அமைப்பு ஒன்று வேலை செய்வதாக நினைத்து, ராபர்ட் மோர் தலைமையில் தனிக் குழுவே அமைத்தது. குழுவில் மையமாக இருந்தவர்கள் ஆறு பேர்!

கிராஃப் அதே ஜனவரியில் பான், சார்ப்ரூக்கன், ஃப்ரைபர்க் என்று பழைய கத்தோலிக்க இளைஞர் சங்க நண்பர்களைத் தேடிப் போனார். பெரும்பாலோர் அனுதாபப்பட்டார்கள், சாப்பாடு போட்டார்கள், சேர மாட்டோம் என்றார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் சம்மதித்தார்கள்.

அனுதாபப்பட்டவர்கள் ஏன் தயங்கினார்கள்? பயம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பயமும்தான். ஆனால் அதற்கு மேல் ஒன்று இருந்தது. அதைப் புரிந்துகொண்டால்தான் இவர்களை மற்ற மாணவர் போராட்டங்களிலிருந்து பிரித்துப் பார்க்க முடியும். அதே போர்க்காலத்தில் ஐரோப்பாவில் மாணவர்கள் வேறு இடங்களிலும் எதிர்த்து நின்றார்கள். 1939 நவம்பரில் பிராகில் மாணவர்கள் ஊர்வலம் போனதற்கு ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்று, செக் கல்லூரிகளையெல்லாம் மூடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஸாக்ஸன்ஹவுஸன் வதை முகாமுக்கு அனுப்பினார்கள். நவம்பர் 17 சர்வதேச மாணவர் தினமானது அதனால்தான். 1940-இல் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் யூதப் பேராசிரியர்களை நீக்கியதற்கு எதிராக மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1943-இல் டச்சு மாணவர்களில் பெரும் பகுதியினர் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். இவையெல்லாம் பெரிய தைரியம், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் எதிர்த்தது அந்நியப் படையை. தெருவில் போகிறவர் மனதுக்குள்ளாவது அவர்களை வாழ்த்தியிருப்பார்.

மியூனிக் மாணவர்கள் எதிர்த்தது தங்கள் சொந்த அரசை, அதுவும் போர் நடக்கும்போது. ஹிட்லர் விழ வேண்டுமானால் ஜெர்மனி தோற்க வேண்டும், வேறு வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். எழுதியும் விட்டார்கள். ஜெர்மனி தோற்பது என்றால் யார் சாவது? ஸோஃபியின் தம்பி வெர்னர் ரஷ்யாவில் இருந்தான். ஸோஃபி நேசித்த ஃப்ரிட்ஸ் ஹார்ட்நாகெல் ராணுவ அதிகாரி, 1943 ஜனவரியில், ஜெர்மன் படை முற்றுகையில் சிக்கியிருந்த ரஷ்ய நகரமான ஸ்டாலின்கிராடுக்குள் மாட்டியிருந்தார். போர்முனை வீரர்களுக்குக் கம்பளித் துணி கொடுங்கள் என்று முன்பு ஒரு குளிர்காலத்தில் வீடு வீடாக வசூல் நடந்தபோது ஸோஃபி தரமாட்டேன் என்றுவிட்டார். ஹார்ட்நாகெலே பின்னாளில் சொன்ன செய்தி இது. ரஷ்யாவில் குளிரில் விறைக்கும் வீரர்களைப் பார்த்திருந்த அவருக்கு இதைக் கேட்டு அதிர்ச்சி. ஸோஃபியின் வாதம்: குளிரில் சாவது ஜெர்மன் வீரனானாலும் ரஷ்ய வீரனானாலும் கொடுமை ஒன்றுதான், ஆனால் நாம் இந்தப் போரில் தோற்றாக வேண்டும், கம்பளி கொடுத்தால் போர் நீளும். காதலன் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல முடிந்த இருபது வயதுப் பெண்ணை எந்தப் பெட்டியில் அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தியாகச் சிலை என்ற பெட்டியில் மட்டும் அடங்க மாட்டார். ஹார்ட்நாகெல் கடைசியில் அவர் பக்கம் வந்துசேர்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டாலின்கிராடிலிருந்து காயத்தோடு விமானத்தில் தப்பியவர், போருக்குப் பிறகு நீதிபதியானார், ஸோஃபியின் அக்கா எலிஸபெத்தை மணந்தார்.

சரி, 1943 பிப்ரவரிக்கு வருவோம். அதற்கு முந்தைய மாதம் 13-ஆம் தேதி பல்கலைக்கழகத்தின் 470-ஆம் ஆண்டு விழாவில் மியூனிக் மாவட்டக் கட்சித் தலைவர் பால் கீஸ்லர் பேசினார். பெண்கள் படித்துக்கொண்டிருப்பதைவிட வருடத்துக்கு ஒரு குழந்தை பெற்றுத் தலைவர் ஹிட்லருக்குக் கொடுக்கலாம் என்றார். அழகில்லாதவர்களுக்குத் தன் உதவியாளர்களை அனுப்பிவைப்பதாக ஒரு நகைச்சுவை வேறு. மாணவிகள் எழுந்து வெளியேறப் பார்த்தார்கள், தடுத்தார்கள், மாணவர்கள் குறுக்கே புகுந்து கைகலப்பானது. நாஜி ஆட்சியில் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு சத்தம் எழுந்ததே அபூர்வம். பிப்ரவரி 3 அன்று ஸ்டாலின்கிராட் வீழ்ந்ததை வானொலி அறிவித்தது. அன்றிரவு ஹான்ஸ், ஷ்மோரெல், கிராஃப் மூவரும் தார் பெயிண்டோடு இறங்கினார்கள். விடிந்து பார்த்தால் பல்கலைக்கழகச் சுவரிலும் சுற்றுத் தெருக்களிலும் ‘ஹிட்லர் ஒழிக’, ‘சுதந்திரம்’. பிப்ரவரி 8, 15 இரவுகளிலும் எழுதினார்கள். துடைப்பதற்கு ரஷ்யாவிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண் கூலிகளைத்தான் நிறுத்தினார்கள்.

மாணவர்கள் கொதித்துவிட்டார்கள், இன்னும் ஒரு தள்ளு போதும் என்று இவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆறாவது பிரசுரத்தை எழுதியது ஹூபர். ‘முதல் உலகப் போர்க் காலத்து கார்ப்பொரலின் மேதைமை மிக்க வியூகம்’ 330,000 ஜெர்மானியரை அர்த்தமில்லாமல் சாகடித்துவிட்டது, தலைவரே உமக்கு நன்றி என்று ஹிட்லரைக் கிண்டலடித்து ஆரம்பிக்கும் அதன் நடை நன்றாகச் சூடு பிடித்தது. ஆனால் ஹூபர் தேசியவாதி. 1940-இல் கட்சி உறுப்பினராகவும் ஆனவர். நம் பெருமைக்குரிய ராணுவத்தின் பின்னால் நில்லுங்கள் என்ற பொருளில் ஒரு வரி வைத்திருந்தார். ரஷ்யாவில் அந்த ராணுவத்தைப் பார்த்துவிட்டு வந்த ஹான்ஸும் ஷ்மோரெலும் அந்த வரியை அடித்துவிட்டார்கள். ஹூபர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆறு பேர் குழுவுக்குள்ளேயே இவ்வளவு தூரம். இருந்தும் சேர்ந்து வேலை செய்தார்கள்.

அதில் சுமார் மூவாயிரம் அச்சானது. ஒரு பகுதி தபாலில் போயிற்று. மிச்சம் இருந்ததைத்தான் பிப்ரவரி 18, வியாழக்கிழமை காலை, ஹான்ஸும் ஸோஃபியும் பெட்டியில் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகம் போனார்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் ஆளில்லாத தாழ்வாரங்களில் அறை வாசல்தோறும் கட்டுக் கட்டாக வைத்தார்கள். வேலை முடிந்து வெளியே வந்தாயிற்று. பெட்டியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதே என்று திரும்பி மாடிக்கு ஏறினார்கள். அங்கே கைப்பிடிச் சுவரில் இருந்த ஒரு பிரசுரக் கட்டை ஸோஃபி கீழே முற்றத்துக்குத் தள்ளிவிட்டார். 80 முதல் 100 தாள் இருக்கும், உற்சாகத்திலோ முட்டாள்தனத்திலோ செய்த தவறு என்று விசாரணையில் அவரே சொன்னது பதிவாகியிருக்கிறது. கட்டட ஊழியர் யாகோப் ஷ்மிட் பார்த்துவிட்டு இருவரையும் பிடித்து வைத்துக்கொண்டார்.

பட்டப்பகலில் ஏன் போனார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு தியாகியாகப் பார்த்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹான்ஸின் சட்டைப் பையில் புரோப்ஸ்ட் கையால் எழுதிய ஏழாவது பிரசுரத்தின் வரைவு இருந்தது. மாட்டிக்கொள்ளப் போகிறவன் நண்பனின் கையெழுத்தைப் பையில் வைத்துக்கொண்டு போக மாட்டான். தூக்கமில்லாத பல வாரங்கள், ஸ்டாலின்கிராட் தந்த நம்பிக்கை, உறைப் பஞ்சம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. உல்மில் ஹிர்ஸலை கெஸ்டபோ விசாரித்துவிட்டது, ஜாக்கிரதை என்ற செய்தியோடு குடும்ப நண்பர் ஓட்ல் ஐஷர் அன்று காலை ஹான்ஸின் வீட்டுக்கு வந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. பின்னாளில் 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸின் சின்னங்களை வடிவமைத்தவர் இவர்தான்.

ஷ்மிட் பிடித்தவர்களை விசாரித்து கெஸ்டபோவிடம் ஒப்படைக்கும்போது பல்கலைக்கழகத் தலைவர் வால்டர் வூஸ்டும் உடனிருந்தார். அவர் வேத மொழி படித்த இந்தியவியல் அறிஞர், நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ்.ஸின் உயர் அதிகாரி, ஆரிய இன ஆராய்ச்சி நடத்திய ஆனெனெர்பே நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ஐரோப்பாவில் யாராவது சமஸ்கிருதம் படித்தாலே நம் ஊரில் சிலர் புல்லரித்துப் போகிறார்களே, அவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஹான்ஸ் அந்த வரைவைக் கிழித்து விழுங்கப் பார்த்தார். துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, அவர் அறையில் கிடைத்த கடிதங்களின் கையெழுத்தோடு ஒப்பிட்டு புரோப்ஸ்டைப் பிடித்தார்கள். புரோப்ஸ்டுக்கு மூன்று குழந்தைகள், மூன்றாவது பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மனைவி பிரசவக் காய்ச்சலில் படுத்திருந்தார். இந்தக் காரணத்தால்தான் நண்பர்கள் அவரை ஆபத்தான வேலைகளிலிருந்து விலக்கியே வைத்திருந்தார்கள். ஹான்ஸும் ஸோஃபியும் முதலில் எல்லாவற்றையும் மறுத்தார்கள், ஆதாரம் வந்ததும் எல்லாப் பொறுப்பையும் தங்கள் மேல் போட்டுக்கொண்டு மற்றவர்களைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அவர்கள் பிடிபட்ட அதே நாள் மாலை பெர்லினில் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் “முழுப் போர் வேண்டுமா?” என்று கேட்டு ஆயிரக்கணக்கானவர்களை ஆமாம் என்று கத்தவைத்தார்.

பிப்ரவரி 22 திங்கட்கிழமை. பெர்லினிலிருந்து, அரசியல் வழக்குகளுக்காக நாஜிகள் வைத்திருந்த மக்கள் நீதிமன்றத்தின் தலைவர் ரோலண்ட் ஃப்ரைஸ்லரே வந்துவிட்டார். காலையில் தொடங்கிய விசாரணை மதியம் முடிந்தது. குற்றங்கள்: எதிரிக்கு உதவியது, தேசத் துரோகத்துக்குத் தயாரானது, படையின் மன உறுதியைக் குலைத்தது. மாலை 5 மணிக்கு ஸ்டாடல்ஹைம் சிறையில் ஹான்ஸ், ஸோஃபி, புரோப்ஸ்ட் மூவரையும் கில்லட்டினில் கொன்றார்கள். கைதுக்கும் மரணத்துக்கும் நடுவே நான்கே நாள். கடைசி வார்த்தைகள், கடைசிக் கனவு பற்றியெல்லாம் நிறைய எழுதியாயிற்று, நான் அதற்குள் போகவில்லை. நீதிமன்றத்தில் ஸோஃபி சொன்னதாகப் பதிவான ஒன்று போதும்: யாராவது ஒருவர் தொடங்கத்தானே வேண்டும், நாங்கள் எழுதியதைத்தான் பல பேர் நினைக்கிறார்கள், சொல்லத் துணியவில்லை.

பல பேர் நினைத்தார்களா? அன்று மாலை பல்கலைக்கழகத்தில் கூட்டம் நடந்தது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் கூடி யாகோப் ஷ்மிட்டுக்கு ஆரவாரமாகக் கைதட்டினார்கள். அவருக்கு 3000 மார்க் பரிசும் கிடைத்தது. வெள்ளை ரோஜாவை வைத்து ‘ஜெர்மன் மாணவர்களின் மனசாட்சி’ என்று பெருமிதமாக எழுதும் கட்டுரைகளில் இந்தக் கூட்டம் ஒரு வரியில் வந்து போய்விடும், அல்லது வரவே வராது.

ஷ்மோரெல் மலைப் பக்கம் தப்பிப் பார்த்தார், பனியில் முடியாமல் திரும்பினார். தலைக்கு 1000 மார்க் விலை. பிப்ரவரி 24 அன்று விமானத் தாக்குதல் எச்சரிக்கையின்போது பதுங்கறையில் அடையாளம் கண்டு பிடித்துக்கொடுத்தார்கள். ஏப்ரல் 19 அன்று இரண்டாவது வழக்கு, பதினான்கு பேர் மேல். ஷ்மோரெல், கிராஃப், ஹூபருக்கு மரணம். க்ரிமிங்கருக்குப் பத்து வருடம். அவர் சிறையில் இருந்தபோது மனைவி ஜென்னியை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். பள்ளி மாணவர்கள் ஹிர்ஸலுக்கும் முல்லருக்கும் ஐந்து வருடம். ஷ்மோரெலையும் ஹூபரையும் ஜூலை 13 அன்று கொன்றார்கள். கிராஃபை மட்டும் அக்டோபர் 12 வரை வைத்திருந்தார்கள், பெயர்களைக் கறப்பதற்காக. எட்டு மாதத் தனிமையில் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் தேடிப் போய்ப் பேசிய நண்பர்கள் பலர் போருக்குப் பின் உயிரோடு இருந்ததற்குக் காரணம் அதுதான். குழுவில் எனக்கு அதிகம் மரியாதை தோன்றுவது இவர் மேல்தான், பெயர் குறைவாகத் தெரிந்ததும் இவருக்குத்தான்.

இனி ‘என்ன பயன்’ என்ற கேள்வி. புரட்சி வரவில்லை. ஆனால் ஆறாவது பிரசுரத்தின் பிரதி ஹிட்லரை எதிர்த்த இன்னொரு குழுவைச் சேர்ந்த ஹெல்முத் ஃபான் மோல்ட்கே மூலம் நார்வே வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 1943 கோடையில் பிரிட்டிஷ் விமானங்கள் அதை லட்சக்கணக்கில் அச்சடித்து ஜெர்மனி மேல் கொட்டின. கையால் சுற்றி மூவாயிரம் அடித்த தாள் அது. நாட்டைவிட்டு வெளியேறியிருந்த ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் பிபிசி வானொலியில் ஜெர்மானியருக்கு ஆற்றிய உரையில் இவர்களைப் பாராட்டிப் பேசினார். உள்ளுக்குள்ளேயும் ஒரு கண்ணி தொடர்ந்தது. மியூனிக்கில் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் வீலாண்டின் வேதியியல் கூடத்தில், சட்டப்படி படிக்க அனுமதியில்லாத ‘பாதி யூத’ மாணவர்களுக்கு அவர் இடம் கொடுத்து வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் ஹான்ஸ் லைபெல்ட். தோழி மரீ லூயிஸ் யானோடு சேர்ந்து, ‘ஆனாலும் அவர்கள் ஆவி வாழ்கிறது’ என்று மேலே எழுதி ஆறாவது பிரசுரத்தை மறுபடி தட்டச்சு செய்து பரப்பினார், ஹாம்பர்க்குக்கும் கொண்டுபோனார். ஹூபரின் பட்டத்தைப் பறித்து, குடும்பத்தைப் பணமில்லாமல் விட்டிருந்தார்கள். லைபெல்ட் ரகசியமாக வசூல் செய்து அந்தக் குடும்பத்துக்குப் பணம் சேர்த்தார். அதுவே காட்டிக்கொடுத்தது. 1945 ஜனவரி 29 அன்று, போர் முடிய மூன்று மாதம் இருக்கும்போது, அவரை அதே ஸ்டாடல்ஹைமில் கொன்றார்கள். ஹாம்பர்க் வட்டத்தைச் சேர்ந்த பலர் சிறையிலும் முகாமிலும் செத்தார்கள்.

இன்னொரு அளவுகோலும் வைக்கலாம். கிழக்கே லட்சக்கணக்கில் படை அழிந்துகொண்டிருந்த வாரத்தில், நாட்டின் உச்ச அரசியல் நீதிமன்றத் தலைவர் ரயிலேறி வந்து மூன்று மாணவர்களை ஒரே நாளில் தீர்த்துவிட்டுப் போகிறார் என்றால், அந்தத் தாள்களை அரசு எப்படி எடைபோட்டது என்பது புரியும். தோற்கும் போரில் ‘தோற்கிறோம்’ என்று உரக்கச் சொல்பவன்தான் அவர்களுக்கு அதிக ஆபத்து.

போருக்குப் பிறகு ராபர்ட் ஷோலை அமெரிக்கர்கள் உல்ம் மேயராக்கினார்கள். தம்பி வெர்னர் ரஷ்யாவிலிருந்து திரும்பவே இல்லை. ஷ்மிட்டுக்கு ஐந்து வருட உழைப்பு முகாம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை, அதைத்தான் செய்தேன் என்பது அவர் வாதம். விசாரணை நடத்திய மோர் மேல் வழக்கே இல்லை. ஃப்ரைஸ்லர் 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் செத்தார். மக்கள் நீதிமன்றத்தின் மற்ற நீதிபதிகளில் ஒருவர்கூடத் தாங்கள் தந்த தீர்ப்புகளுக்காக மேற்கு ஜெர்மனியில் இறுதியாகத் தண்டிக்கப்படவில்லை. ஹான்ஸ், ஸோஃபி, புரோப்ஸ்ட் மூவருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றிய யோஹான் ரைஹார்ட்டை அமெரிக்கர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள், நாஜிப் போர்க்குற்றவாளிகளைத் தூக்கிலிட. மாணவர்களைத் துரோகிகள் என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, அந்த நீதிமன்றத்தின் மற்ற தீர்ப்புகளோடு சேர்த்து, ஜெர்மனி முழுமைக்குமான சட்டத்தால் ரத்தானது 1998-இல்.